பூ விரியும் வேளையில் எங்களையும் உள்ளே விடுங்கள்

தாவரவியல் பூங்காக்களையும் வெப்பமண்டலத் தாவரங்களுக்கான கண்ணாடி இல்லங்களையும் நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

பூக்களையும் வெப்பமண்டலச் செடிகொடிகளையும் பார்த்துவர வேண்டும் என்று குடும்பத்தோடு ஒரு நாள் தாவரவியல் பூங்காவுக்குப் போய்த் திரும்பிய ஒரு தாய் எழுதும் மடல் இது. அது எந்தப் பூங்கா என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை. செடிகளை அங்கே பேணிவரும் விதத்தில் எனக்கு எள்ளளவும் குறை இல்லை. அங்கே நாங்கள் பட்ட ஏமாற்றமும் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியது அன்று. நான் முன்பு போய்ப் பார்த்திருக்கும் மற்றப் பூங்காக்களிலும் நிலைமை இதுவாகவே இருந்ததால்தான் உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். என் முறையீடு ஒன்றே ஒன்றுதான்: ஒரு பூ தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை விரிகின்ற அந்தச் சில மணி நேரத்தில் உங்கள் வாயிற்கதவு பூட்டியிருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். நானும் என் கணவரும், பன்னிரண்டு வயது மகளும், ஆறு வயது மகனும், கைத்தடி ஊன்றி நடக்கும் என் தந்தையும். கண்ணாடி இல்லத்தின் இரண்டாம் கதவைத் தள்ளித் திறந்ததுமே அப்பாவின் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெளுத்துப்போக, அவர் அடுத்த அடி எடுத்து வைக்க அஞ்சி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கையைப் பற்றிக்கொண்டு நின்ற என் மகனின் பிடரியில் மேலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அகன்ற இலை ஒன்று. அதன் நுனி மட்டும் வால்போல நீண்டு, குறுகி, கீழ்நோக்கி வளைந்திருந்தது. இலைப்பரப்பில் படிந்த நீரெல்லாம் நடு நரம்பின் வழியே ஓடிவந்து அந்த நுனியில் திரண்டு, கனத்து, விழுந்தது. இடைவிடாத மழை பெய்யும் காடுகளில் வாழும் மரஞ்செடிகள் பலவற்றுக்கு இத்தகைய நுனி இருக்கிறது. நீர் தேங்காமல் வடிந்துவிடுவதற்கான அமைப்பு அது என்பார்கள். என் மகன் அடுத்த சொட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான். அன்றைய நாள் முழுவதும் அப்படியே கழிந்திருந்தால் இந்த மடலுக்குத் தேவையே இருந்திருக்காது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு கம்பத்தைப் பற்றிக்கொண்டு வனிலாக் கொடி ஏறியிருந்தது. அதன் அறிவிப்புப் பலகையில் அறிவியற்பெயர், குடும்பப்பெயர், தாயகம் மெக்சிகோ ஆகிய மூன்று செய்திகள் இருந்தன. தடித்த இலைகளுக்கிடையே ஒரு கொத்தும், அந்தக் கொத்திலிருந்து வாடித் தொங்கும் வெளிர்மஞ்சள் நிறப் பூ ஒன்றும் தெரிந்தன. நனைந்த காகிதத்தைக் கசக்கிப் போட்டாற்போல இருந்த அதைப் பார்த்து, “இதுவா பூ?” என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் குழாய் பிடித்துத் தரையை நனைத்துக்கொண்டிருந்த தோட்டப் பணியாளர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் குழாயைக் கீழே வைத்தார். “காலையில் வந்திருந்தால் பூவாகப் பார்த்திருக்கலாம்” என்றார். விடியற்காலையில் விரிந்து பிற்பகலுக்குள் வாடிவிடும் பூ அது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். அன்று காலை எட்டு மணிக்கு அவரே அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்து முடித்திருந்தார். பூங்கா திறப்பதோ பத்து மணிக்கு.

அவர் அந்த வாடிய பூவை மெல்ல விரித்துக் காட்டினார். மகரந்தம் இருக்கும் இடத்துக்கும் அதை ஏற்கும் சூலகமுடிக்கும் இடையில் நாக்குப்போல ஒரு சவ்வு. ஒரே பூவுக்குள் இரண்டும் அருகருகே இருந்தும், அந்தச் சவ்வு குறுக்கே நிற்பதால் தானாக ஒன்று சேர்வதில்லை. மெல்லிய குச்சியொன்றால் சவ்வை மேலே தள்ளி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்தினால் வேலை முடிந்தது. காய் முற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். தன் சட்டைப்பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்து, விரல்களை எப்படி வைப்பது என்று என் மகளுக்கு அவர் செய்து காட்டியது ஒரு நிமிடம்கூட இருக்காது. இந்த வழியைக் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்னும் சிறுவன். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த அவன், 1841-ல் தன் பன்னிரண்டாம் வயதில் இதைச் செய்து காட்டினான். அதுவரை அந்தத் தீவில் வனிலாக் கொடி படர்ந்து பூத்ததே தவிரக் காய்ப்பது அரிதாக இருந்தது. உலகெங்கும் வனிலா பயிரிடுவோர் இன்றளவும் அவனுடைய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். அவனோ 1880-ல் வறுமையில் இறந்தான். கண்டுபிடித்தவனின் வயது தன் வயதே என்று தெரிந்தபோது என் மகள் அந்தக் குச்சியைத் தன் விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை எத்தனை பாடப்புத்தகங்களாலும் உண்டாக்க முடியாது என்பதை ஒரு தாயாக நான் உறுதியாகச் சொல்லுவேன்.

இதில் எதுவும் அந்தப் பலகையில் இல்லை. அதைவிட வருத்தம் தருவது, அந்தப் பணியாளர் நாள்தோறும் காலையில் தனியாகச் செய்து முடிக்கும் ஒரு வேலை, அந்தப் பூங்காவிலேயே காணத்தக்க காட்சிகளுள் முதன்மையானது என்பது நிர்வாகத்தில் எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான்.

பிற்பகலில் அல்லிக் குளத்துக்கு வந்தோம். அமேசான் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பேரல்லியின் தாம்பாளம் போன்ற இலைகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அகலத்தில், விளிம்பு மடிந்து மிதந்துகொண்டிருந்தன. பூக்கள் இல்லை. முள் மூடிய பெரிய மொட்டொன்று மட்டும் நீருக்கு மேலே தலையை நீட்டியிருந்தது. “இன்று இருட்டும்போது திறக்கும்” என்று குளத்தைக் காவல் காத்தவர் சொன்னார். முதல் மாலையில் அது வெண்மையாக விரிகிறது. சுற்றியுள்ள காற்றைவிடத் தன்னைச் சூடாக்கிக்கொண்டு, பழவாசம் வீசி வண்டுகளை அழைக்கிறது. பிறகு மூடிக்கொண்டு, உள்ளே வந்த வண்டுகளை மறுநாள் மாலை வரை சிறை வைக்கிறது. இரண்டாம் மாலையில் அது மீண்டும் திறக்கும்போது நிறம் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். முதல் இரவில் பெண்ணாக இருந்த பூ இப்போது ஆணாகி, மகரந்தத்தைப் பூசி வண்டுகளை வெளியே அனுப்புகிறது. அதன் பிறகு நீருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. இவ்வளவும் நடப்பது இரண்டே இரவுகளில். இதைக் கேட்ட என் மகன், “அப்படியானால் நாம் இங்கேயே இருந்துவிடலாமா?” என்றான். அவன் கேட்டு முடிப்பதற்குள் பார்வையாளர்களை வெளியேறச் சொல்லும் ஊதல் ஒலித்தது. மணி ஐந்து.

அன்று இரவு அவன் தூங்குவதற்கு முன் இரண்டு முறை, “இப்போது திறந்திருக்குமா, அம்மா?” என்று கேட்டான். திறந்திருக்கும் என்றேன். யார் பார்ப்பார்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். பூங்காவின் வேலை நேரம் அலுவலக நேரமாக இருக்கிறது. செடிகளின் நேரம் அதுவன்று. அவற்றுக்குத் தமக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது இன்றைக்கு நேற்றைக்குத் தெரிந்த செய்தியும் அன்று. 1729-ல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான், தொட்டாற்சுருங்கிச் செடியை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தபோது, பகலில் இலையை விரிப்பதையும் இரவில் மடக்குவதையும் அது இருட்டிலும் விடாமல் தொடர்ந்ததைக் கண்டார். 1751-ல் கார்ல் லின்னேயஸ், எந்தப் பூ எந்த மணிக்கு விரிகிறது, எப்போது மூடுகிறது என்று வரிசைப்படுத்தி, பூக்களைக் கொண்டே பொழுதை அறிந்துகொள்ளலாம் என்று எழுதினார். தாவரங்களுக்கு நீங்கள் இன்று பலகையில் எழுதிவைக்கும் இரட்டைச் சொற்பெயர் முறையை நிலைநாட்டியவரும் அவரே. அவர் வகுத்த முறையில் பெயரை ஒவ்வொரு செடிக்கும் தவறாமல் எழுதிவைக்கும் நீங்கள், அவர் குறித்துவைத்த நேரத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழில் பேசி வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தலாக இருக்கிறது. அந்திமந்தாரைக்கு அதன் நேரம் பெயரிலேயே இருக்கிறது. பத்துமணிப் பூவுக்கும் அப்படியே. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே சொல் வைத்திருக்கிற மொழி இது. விரியும் தறுவாயில் உள்ள மொட்டுக்குப் ‘போது’ என்று பெயர். பொழுதைக் குறிப்பதும் அதே சொல்தான். பூவையும் அது விரியும் வேளையையும் ஒரே சொல்லால் வழங்கிய ஒரு மொழியில் என் பிள்ளைகளுக்குப் பூக்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அழைத்துப்போய்ப் பார்த்தால், அங்கே எப்போதும் முகையோ செம்மலோதான் எங்களுக்குக் காணக் கிடைக்கிறது.

வேலை நேரத்தை மாற்றுவது எளிதன்று என்று நீங்கள் சொல்லக்கூடும். பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும், பாதுகாப்பு வேண்டும், இருட்டில் குளத்தோரம் பிள்ளைகள் தவறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பனவெல்லாம் உண்மையான கவலைகள். இவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு செடிக்காக நீங்களே அதைச் செய்துகாட்டியிருக்கிறீர்கள். சுமத்ராக் காடுகளில் 1878-ல் இத்தாலியத் தாவரவியலாளர் ஒதோவார்தோ பெக்காரி கண்டு உலகுக்கு அறிவித்த பேருருவச் சேனையைத்தான் சொல்கிறேன். நாம் அறிந்த சேனைச் செடியின் பேரினத்தைச் சேர்ந்த அது, லண்டன் கியூ பூங்காவில் 1889-ல் முதன்முறையாக வளர்ப்பிடமொன்றில் பூத்தது. ஆள் உயரத்தைத் தாண்டி எழும் அந்தப் பூங்கொத்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, மாலையில் விரியத் தொடங்கி, அழுகிய இறைச்சியின் நாற்றத்தை இரவில் பரப்பி, இரண்டு மூன்று நாள்களில் சாய்ந்துவிடுகிறது. அது பூக்கும்போது பல நாடுகளின் பூங்காக்கள் நள்ளிரவு வரை கதவைத் திறந்து வைத்ததும், மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும் நீங்கள் அறிந்தவைதாம். நாற்றத்துக்காக நள்ளிரவு வரை காத்திருக்க ஆயத்தமாக இருந்த மக்கள், நறுமணத்துக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து வரமாட்டார்களா?

இரவில் திறக்கும் வழக்கம் வேறொரு வடிவிலும் இப்போது பரவியிருக்கிறது. மரங்களின் மேலெல்லாம் வண்ண விளக்குச் சரங்களைச் சுற்றி, இசையை ஒலிக்கவிட்டு, இரவுக் காட்சி என்று தனிச் சீட்டு விற்கும் பூங்காக்கள் உண்டு. அதனால் வரும் வருவாய் செடிகளின் பராமரிப்புக்குப் பயன்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், அங்கே மக்கள் பார்க்க வருவது விளக்கைத்தான். செடி வெறும் கம்பமாக நிற்கிறது. இரவுப் பூக்களுக்கு இதனால் தீங்கும் உண்டு. 2017-ல் வெளிவந்த ஆய்வொன்றில், சுவிட்சர்லாந்தின் புல்வெளிகளில் இரவு விளக்குகள் பொருத்தப்பட்ட இடங்களில், பூக்களை நாடிவரும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே நான் கேட்பது இன்னொரு விளக்குத் திருவிழா அன்று. அல்லிக் குளத்தைச் சுற்றி இருபது பேர், கையில் மங்கலான சிவப்பு விளக்கு, பேச்சைக் குறைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான். அதற்கு முன்பதிவு வைத்தால் மகிழ்ச்சியோடு பதிந்துகொள்வோம். நாங்கள் கேட்ட நாளில் மொட்டு விரியாமல் போனாலும் உங்களைக் குறைகூற மாட்டோம், ஏனென்றால் செடியின் விருப்பம் அது என்பதைப் பிள்ளைகள் எங்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நேரத்துக்கு அடுத்தபடியாக, அந்தத் தோட்டப் பணியாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் எங்களோடு பேசியது பதினைந்து நிமிடம் இருக்கும். அந்த நேரம் முழுவதும், மேற்பார்வையாளர் வந்துவிடுவாரோ என்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்களோடு பேசிக்கொண்டு நிற்பது வேலையைத் தட்டிக்கழிப்பதாகக் கருதப்படும் என்று அவரே சொன்னார். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் இது: நாங்கள் அவரிடம் விடைபெறும்போது வழியோரத்துக் காகிதப்பூச் செடியருகே என் தந்தையை நிறுத்தி, “ஐயா, இதில் பூ எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அந்தக் கருஞ்சிவப்பு இதழ்களைச் சுட்டிக்காட்டினார். அவரோ ஒரு கொத்தைத் தாழ்த்தி, மூன்று செந்நிற இதழ்களை விலக்கி, அவற்றின் நடுவே ஒவ்வோர் இதழின் நரம்போடும் ஒட்டிக்கொண்டிருந்த, தீக்குச்சியைவிடச் சிறிய வெண்ணிறக் குழல்களைக் காட்டினார். பூ அதுதான். நாம் இதழ் என்று நினைப்பவை பூவடி இலைகள். பூச்சிகளின் கண்ணை ஈர்ப்பதற்காக நிறம் கொண்டவை. எழுபது வயதைத் தாண்டிய என் தந்தை, வாழ்நாள் முழுவதும் பார்த்துவந்த ஒரு செடியின் பூவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். அதன் பிறகு அந்தோரியத்தின் சிவப்புப் பாளைக்கு நடுவில் உள்ள தண்டில் பொடிப்பொடியாகப் பூக்கள் இருப்பதையும், கொக்கோ மரம் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகப் பூப்பதையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டியவர் அவரே.

இப்படிப்பட்ட அறிவைச் சுமந்துகொண்டு உங்கள் பணியாளர்கள் குழாயும் கத்தரியுமாக மௌனமாக நடமாடுகிறார்கள். நாளுக்கு அரைமணி நேரம், ஏதேனும் ஒரு செடியின் அருகே நின்று பேசுவதை அவர்களுடைய வேலையின் ஒரு பகுதியாக அறிவியுங்கள். அதற்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் கொடுங்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலிக்கருவிகள் சில இடங்களில் இருக்கின்றன, அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை, ஆனால் “இதுவா பூ?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அவற்றால் நின்று திரும்பிப் பார்க்க முடியாது.

பலகைகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அறிவியற்பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை, அது இருக்கட்டும். அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். சில பூங்காக்களில் எங்கோ ஒரு மூலையில், பனைபோலத் தோன்றினாலும் பனையல்லாத, ‘சைகட்’ எனப்படும் பழந்தாவரங்களில் ஒரு வகை நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் 1895-ல் ஜான் மெட்லி வுட் என்பவர் அதைக் கண்டெடுத்தார். காட்டில் கிடைத்தது அந்த ஒரே தூறு, அதுவும் ஆண். இன்று உலகின் பூங்காக்களில் உள்ள அத்தனையும் அதன் பக்கக்கன்றுகளிலிருந்து வந்தவை. பெண் செடியை எவரும் இதுவரை கண்டதில்லை. இந்தச் செய்தி தெரிந்தவர் அந்தச் செடியைக் கடந்துபோக முடியாது. தெரியாதவருக்கு அது இன்னொரு முள்ளிலைக் குத்து. இடையே உள்ள வேறுபாடு ஒரு வரிதான். அந்த வரியில் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள்: இந்தச் செடி எந்த மாதத்தில், எந்த வேளையில் விரியும், எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பது. வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, இன்று எது விரிந்திருக்கிறது, நாளை எது விரியக்கூடும் என்று சாக்கட்டியால் எழுதிவைத்தாலும் போதும்; காலையில் சுற்றிவரும் பணியாளருக்கு அதை எழுத ஐந்து நிமிடம் ஆகாது.

அமர்வதற்கு இடம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இல்லத்துக்குள் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது, அதுவும் சுவரைப் பார்த்தபடி. கைத்தடியோடு வருபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோரெல்லாம் அந்த ஈர வெப்பத்தில் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்க இயலாது. வனிலாக் கொடிக்கு எதிரே, படம் எடுத்துக்கொள்வதற்காக நெகிழிப் பூக்களால் செய்து வைத்திருந்த வளைவை அகற்றினால், அங்கே தாராளமாக இரண்டு இருக்கைகள் போடலாம். உயிருள்ள கொடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க, அதற்கு முதுகைக் காட்டியபடி நெகிழிப் பூக்களுக்கு முன் மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்து என் மனம் வேதனைப்பட்டது. அவர்கள்மேல் தவறில்லை. வாடிய பூவைத்தான் நீங்கள் அவர்களுக்குக் காட்டினீர்கள்.

குடும்பத்தோடு வருபவர்கள் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்ற எண்ணம் உங்களுள் சிலருக்கு இருக்கலாம். இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், அதே அமேசான் பேரல்லியை 1849-ல் பூக்க வைத்தபோது, இலையின் வலுவைக் காட்டுவதற்காகத் தன் சிறு மகளை அதன்மேல் நிறுத்தினார். அந்த இலையின் அடியில் கைவிரித்தாற்போல ஓடும் நரம்புகளைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து பிறந்த கட்டட அறிவு, 1851-ல் லண்டனில் அவர் எழுப்பிய பெரும் கண்ணாடிக் கட்டடமான படிக மாளிகைக்குத் துணைநின்றது. ஒரு தோட்டக்காரரும் ஒரு பிள்ளையும் ஒரு செடியின் முன் போதிய நேரம் நின்றார்கள். நான் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.

அன்று நாங்கள் சென்ற பூங்காவின் நிர்வாகத்தினர் இதைப் படிப்பார்களானால், அவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. வனிலாவின் ஒரு கொத்தில் பூக்கள் எல்லாம் ஒன்றாக விரிவதில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாகத்தான் விரிகின்றன. அன்று அந்தக் கொத்தில் விரியாத மொட்டுகள் பதினான்கு இருந்ததாக என் மகள் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறாள். நாள்தோறும் ஒன்றை அடித்துக்கொண்டு வருகிறாள். இன்று காலை நிலவரப்படி மீதம் ஆறு. அடுத்த விடுமுறை நாளில், அதாவது இன்னும் மூன்று நாள்களில், காலை ஏழரை மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் வாயிலுக்கு வெளியே நிற்போம். அப்பா தன் மடக்கு நாற்காலியை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து மணி வரை நிற்கச் சொன்னாலும் நிற்கிறோம். எட்டு மணிக்கு அந்தப் பணியாளர் குச்சியைக் கையில் எடுக்கும்போது கதவைத் திறந்துவிட்டால், ஓசையின்றி வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொள்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
பூக்களைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் சார்பில்,
ஒரு தாய்